டை காயும் வரைக்கும்

— அதனால நான் வர்ற வரைக்கும் அந்தக் கட்டியை யாரும் தொடக் கூடாது. சரித்திரம்மா இது!

— ஏங்க, சரித்திரம் இருக்கட்டும். பிள்ளையை மல்லாக்கப் போட்டா நீலமாகுது. கவுத்துப் போட்டுக் கையில ஏந்திக்கிட்டு ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கறேன். நீங்க எங்க?

— மாடியில, என் ரூம்ல. ஏன் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி பேசற?

— கையை எடுக்க முடியல. சிஸ்டர் போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. இறங்கி வாங்க.

— எப்படி வர்றது? தலையில டை. இன்னும் காயல.

— டையா!

— கீழ ஹால்ல பல ஊர்லேர்ந்து வந்த டாக்டருங்க நான் ஆபரேஷன் பண்றதைப் பெரிய திரையில பார்க்கப் போறாங்க. நரைச்ச தலையோட நிக்கவா? என் ஆரம்ப உரையைக் கேளு: "நாக்கின் அடிவேரில், மூச்சு வாசலை மறைத்தபடி ஒரு பிறவி நீர்க்கட்டி! ஆயுளில் ஒருமுறை காணக் கிடைப்பது! அதை முதல் பார்வையிலேயே நான்..."

— முதல் பார்வையா? திங்கக்கிழமை இதோட அம்மா தூக்கிட்டு வந்தப்போ, 'சளிம்மா, தானாச் சரியாயிடும்'னு அனுப்பிச்சது யாரு?

— அது பார்வையே இல்ல. அப்போ நான் போன்ல இருந்தேன்.

— பால் இறங்கல, எடை ஏறல, மூச்சு இழுத்தா கிறீச்னு சத்தம். நேத்து சின்ன டாக்டரம்மா மூக்கு வழியா கேமரா குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னப்புறம்தானே உங்களுக்கே தெரியும்?

— அவ பார்த்தா. நான் கண்டுபிடிச்சேன். ரெண்டும் வேற.

— ஐயோ, இப்போ கவுத்தும் நீலமாகுது. ஊசி குத்தி நீரை எடுக்கப் போறேன்.

— வேணாம்! கட்டி சுருங்கிடும்! திரையில திராட்சை மாதிரி உருண்டையாத் தெரியணும். தொங்கிப்போன தோலைக் காட்டியா கைதட்டு வாங்கறது? வீட்டுலதான் உன் பேச்சு, இங்க சர்ஜன் நான்!

— மயக்க மருந்து டாக்டர் நான். மூச்சு என் பொறுப்பு. சிஸ்டர், ஊசி.

— கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு!

— யாரை, பிள்ளையையா? உங்க டை காயற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா? சிஸ்டர், தலையைப் பிடிங்க. இன்னும் கொஞ்சம்... வருது, வருது.

— என்ன வருது?

— நீர்.

— போச்சு! எல்லாம் போச்சு! அது என்ன சத்தம்?

— அழுகை. பொறந்து இப்பத்தான் முழு மூச்சு இழுத்து அழுவுது.

— அதில்ல. கீழ யாரோ கைதட்டறாங்க. நான் இன்னும் வரவேயில்லையே?

— முதல்ல வாங்க. நீர் மறுபடி ஊறும், கட்டியோட தோலை வெட்டி எடுத்தாகணும். அதுக்கு உங்க கைதான் வேணும், தலை வேணாம். எப்படியும் தொப்பி போட்டுக்கிட்டுத்தானே வெட்டணும்? நரையை யாரு பார்க்கப் போறா?

— தொப்பி... அட ஆமா. சரி, வர்றேன். ஆனா உரையை முழுசாச் சொல்லிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன்.

— அதுக்கு அவசியமே இல்லீங்க. சத்தம் சரியா வருதான்னு பார்க்க, கேமராக்காரர் இந்த தியேட்டர் மைக்கை அப்பவே திறந்துட்டாராம். சளியிலேர்ந்து டை வரைக்கும் ஹால் முழுக்கக் கேட்டாச்சு.