ஒரு சிப்பாயும் இரண்டு ராஜாக்களும்

அன்று மழை பெய்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் கைக்குட்டை கொண்டுபோகவில்லை, சட்டையில் பையும் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டில் ஒன்று இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பத்து வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டிக்கு நான் நடுவர். சுத்தத்தில் கறாரானவன். யோசிக்கும்போது காயை வாயில் வைத்துக் கடிக்கும் பிள்ளைகளை எழுப்பி, கை கழுவ அனுப்புவேன்.

கடைசி ஆட்டம் மட்டும் மிச்சம். இரட்டைச் சடைக்காரியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். கண்ணாடிப் பையனிடம் ராஜா மட்டும். ஒரு கட்டம் நகர்ந்தால் சிப்பாய் ராணியாகிவிடும், கோப்பை அவளுக்கு. சமனில் முடிந்தால் மூன்று பேர் ஒரே புள்ளியில் நிற்பார்கள். அப்போது வயதில் இளையவருக்குக் கோப்பை. அந்த விதியை அன்று காலையில்தான் சேர்த்தேன். மூவரில் இளையவள் என் மகள். அது தற்செயல்.

பையன் பலகைமேல் தும்மினான். கடிகாரத்தை நிறுத்தி இருவரையும் கை கழுவ அனுப்பினேன். சிப்பாயைத் துடைக்கத்தான் எடுத்தேன். காலடிச் சத்தம் கேட்டது. வாயில் போட்டுக்கொண்டேன்.

"சார், என் சிப்பாய் எங்க?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது நடுவரின் கடமை. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"எந்தச் சிப்பாய்மா?"

"இங்கதான் சார் இருந்துச்சு," என்றான் பையன். தோற்கப்போகிறவனுக்கு எதற்கு இந்த வாய்?

"ஆடின ஆட்டத்தைத் தாள்ல எழுதியிருக்கீங்களா?"

"கடைசி அஞ்சு நிமிஷம் எழுத வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அப்போ பலகைதான் சாட்சி. ரெண்டு ராஜாதான் இருக்கு. சமன். ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க."

அவள் அழவில்லை. மேசைக்கடியில் குனிந்து தேடினாள். நானும் கூடவே குனிந்து தேடினேன். அந்த அளவு மனிதத்தன்மை எனக்கு உண்டு.

இரட்டைச் சடைக்காரி சதுரங்கத்தை விட்டு நீச்சலில் சேர்ந்துவிட்டாள். இல்லாத காயைப் பார்த்ததாகச் சாதித்த பையனைக் கண் டாக்டரிடம் காட்டி, கண்ணாடியை மாற்றினார்கள். கோப்பை எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகள் அதற்குள் பென்சில் சீவுகிறாள்.

சிப்பாய் மூன்றாம் நாள் காலை வந்து சேர்ந்தது. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுகிறவன் இல்லை நான். கழுவி, துடைத்து, பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பிள்ளைகள் இன்றும் அந்தக் காய்களை வைத்துத்தான் ஆடுகிறார்கள். வாயில் வைக்காதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.