வேம்புலி காருக்கு கேஸ்

— இன்ஜினு ஓடச் சொல்லோ கைய உடாதய்யா. ஃபேனு வெரல வாங்கிடப் போவுது.

— த பாரு அனுசு, இருவது வர்சம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத்து மிஷினு ஓட்டுன வேம்புலி கை இது. பத்து வெரலும் கீதா? நீ சீட்ல குந்து. ஏசிய ஃபுல்லா வையி.

— வெச்சாச்சு. இன்னாய்யா அது டப்பா?

— ஏசி கேஸு. டியூப்பு, மீட்டரு, அல்லாம் ஒரே செட்டு, ஆன்லைன்ல வாங்குனேன். வீடியோவ பாத்துகினு நம்ம ஊட்டு வாசல்லயே ஏத்திக்கலாம்.

— நல்லா பாத்த வீடியோ. மாடி ஊட்டு சரசா மேலேந்து பாத்து சிரிச்சிகினு கீறா.

— சிரிக்கட்டும். ஞாயித்துக்கெயம நம்ம பொண்ணு ரோஷினிக்கு வளகாப்பு. அவ அம்மா நீ, வேலூர்ல சோக்கா கார்லேந்து எறங்கணும்.

— இந்த அடுப்புல குந்திகினா? நான் ரயில்ல போறேன். நீ சீர்த்தட்ட ஏத்திகினு வா.

— த பாரு, இதான் எனுக்கு ஆவல. உன் முட்டிக்கு பஸ்ஸு ஏற முடிலன்னுதான் இந்த செகண்ட்ஸ் வண்டியே வாங்குனேன். மூணு மாசமா கிட்டயே வர மாட்டேன்ற. இப்போ சில்லுனு வருதா?

— எங்க வருது? வேர்த்து ஊத்துது.

— இன்னும் கேஸ் ஏத்தவே இல்ல, அதுக்குள்ள முள்ளு பச்சைல நிக்குதே. பச்சைன்னா ஃபுல்லுன்றான் வீடியோல.

— அப்போ மீட்டரு பொய் சொல்லுது.

— அதானே. வண்டி ஓட்டச் சொல்லோ எனுக்கும் சில்லுன்னுதான் கீது. ஆனா நம்மளுது பட்டறை சூட்டுல வெந்த ஒடம்பு, இன்னா தெரியும்? நீ சொன்னா கரீட்டு. கொஞ்சம் ஏத்துறேன்... ஐயையோ, செவப்புக்கு போவுது! போதும், கயட்டிட்டேன். இதுக்கு மேல ஏத்துனா பைப்பு பிச்சிக்கும்.

— இன்னும் எரியுதுய்யா.

— நவுரு, நான் பாக்குறேன். ஐஸ் பொட்டில கைய உட்ட மாரி கீதே! உனுக்கு மட்டும் எப்டி ரவிக்கையே நனஞ்சி கீது?

— எனுக்கு இன்னா தெரியும்? வண்டி ராசி அப்டி.

— சரி உடு. உனுக்கு ஆவாத வண்டி எனுக்கு எதுக்கு? பட்டறை கோதண்டம் வெலைக்கு கேட்டுகினே கீறான். தோ, போன போடுறேன். சாய்ங்காலமே எடுத்துகினு போட்டும்.

— யோவ், வேணாம்யா! போன வை. வண்டி மேல தப்பு இல்ல.

— பின்ன?

— எனுக்கு மாசா மாசம் வர்றது நின்னுபோச்சு. அதுலேந்து திடீர் திடீர்னு ஒடம்பு தீயா எரியுது. மொத தபா வண்டிலதான் எரிஞ்சுது. ஏசி போச்சான்னு நீ கேட்ட, நானும் ஆமான்னுட்டேன். நர்ஸம்மாவ கேட்டேன். இந்த வயசுல வர்றதுதான், பயப்படாதன்னு சொல்லிச்சு.

— அடிப்பாவி! மூணு மாசமா என்னாண்ட ஏன் சொல்லல?

— வண்டிக்கு ஒண்ணுன்னா டப்பா வாங்கியாந்து ரிப்பேரு பாப்ப. எனுக்கு ஒண்ணுன்னா நீ சோறே துன்ன மாட்டியேய்யா.