துரை வேடத்தில் செத்தவர்

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் ரயில் புறப்பட்டதும், முதியோர் இல்லப் பணியாளர் சீருடையில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெண் தன் கணவரிடம் கூறிய ஒரு வாக்கியம் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"நான் இப்ப கரண்டியாலை சாப்பாடு தீத்திவிடுற மனுசன் முந்திச் சாகேக்கை, நான் எழும்பி நிண்டு கைதட்டினனான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"படத்திலையப்பா. அந்த டெனிஷ்காரர் மெட்ராசிலை இருந்து எங்கடை படங்களிலை வெள்ளைக்காரத் துரையா நடிச்சவர். ஒவ்வொரு படத்திலையும் கடைசியிலை சாகிறவர். இப்ப தன்னைச் சுட்டது, தூக்கிலை போட்டது எண்டு கதைக்கிறார். மேலாளர் அதை மறதி வருத்தமெண்டு எழுதிப்போட்டா. நாளைக்குக் கூட்டம் வைச்சு, அவரைப் பூட்டின பகுதிக்கு மாத்தப் போயினம்."

"படத்தைப் போட்டுக் காட்டன்."

"காட்டினனான். ஒட்டுமீசை, தொப்பி, குரலும் வேறை ஆரோ குடுத்தது. அவற்றை மகளே பார்த்திட்டு, இது அப்பா இல்லையெண்டிட்டா. அவர் அங்கை நடிக்கேக்கை, அவ இஞ்சை தாயோடை வளர்ந்தவ."

"அப்ப அவர்தான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நேற்றுக் கதிரையிலை இருந்தபடி ஒருக்காச் செத்துக் காட்டினவர். ஒரு கை நெஞ்சிலை, மற்றக் கையாலை தொப்பியைப் பிடிச்சபடி சரிஞ்சவர். தலையிலை தொப்பியே இல்லை. படத்திலையும் அச்சொட்டா அப்பிடித்தான்."

கணவர் சிரித்தார். "நாளைக்குக் கூட்டத்திலையும் செத்துக் காட்டச் சொல்லன்."

"சொல்லிப்போட்டன். ஓமெண்டவர்."

"பிறகென்ன?"



"அவர் சரிஞ்சு விழேக்கை அவையள் கைதட்டுவினமோ, டொக்டரைக் கூப்பிடுவினமோ?"