பால் வடியும் நேரம்

— கதைய மாத்தாத, கலா. உரப்பைய எதுக்கு மலைக்குக் கொண்டு போற? அத மட்டும் சொல்லு.

— விரிச்சு உக்கார்றதுக்குங்க.

— ரப்பர் பால் வெட்டப் போறியா, உக்காரப் போறியா?

— ரெண்டுக்குந்தான். ஒம்பது மணிக்கு வெட்டி முடிச்சிர்றேன். சிரட்டையில பால் வடிஞ்சு நெறைய பதினொன்னு ஆகும். அதுவரைக்கும் மரத்த யாரு அவசரப்படுத்துறது?

— அந்த நேரத்துல வீட்டுக்கு ஓடி வந்து சோறாக்குவ, துணி தொவைப்ப. பதினாறு வருசமா அதுதான நடந்திச்சு? இப்ப ஒரு மாசமா நீ லயத்து வீட்டுப் பக்கமே வாறதில்லையாம். பக்கத்து காம்பராவுல குடியிருக்கிற இருளாயி அக்கா கேக்குது, என்ன ஏழுமலை, ஒன் பொண்டாட்டிக்கு மலையில வேல கூடிருச்சான்னு. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல, சரியா?

— ஒங்களுக்கு ஒரு நாளாவது சோறு இல்லாமப் போச்சா?

— இல்ல.

— சட்டை அழுக்கா இருந்திச்சா?

— அதத்தான் நானும் கேக்குறேன். நாலு மணிக்கே எந்திரிச்சு ஆக்குற, பின்னேரம் தொவைக்கிற. எல்லா வேலையையும் முன்னப் பின்னத் தள்ளி அந்த ரெண்டு மணி நேரத்தக் காலியாக்கி வச்சிருக்க. யாருக்கு?

— ஐயோ, வாயக் கழுவுங்க.

— அந்தப் புது கங்காணியா?

— கங்காணி வந்தா நான் எந்திரிச்சுல்ல நிக்கணும்? எந்திரிக்காம இருக்கத்தாங்க நான் அங்க உக்கார்றதே.

— எனக்கே காது குத்துறியா?

— போன மாசம் சோத்த எறக்கி வச்சிட்டு மலைக்கு ஓடி வந்தப்ப தண்ணி வடியுற கான் குழியில விழுந்தேன். அடி ஒண்ணும் படல. ஆனா எந்திரிக்க மனசு வரல. அப்படியே கெடந்தேன். சிரட்டையில பால் சொட்டுறது கேட்டிச்சுங்க. இத்தன வருசம் அந்த மரங்களோட மாரடிக்கிறேன், ஒரு நாளும் அதக் கேட்டதில்ல. அழுதுட்டேன். நோவுக்கு இல்ல, சந்தோசத்துக்கு.

— பால் சொட்டுறதக் கேக்கப் போறாளாம்! நான் ஆறு மணிக்கு த்ரீவீல எடுத்தா கித்துல்கலைக்கு ஒரு ஹயர், கேகாலைக்கு ஒரு ஹயர்னு ஆள ஏத்திக்கிட்டு ஓடுறேன். தேத்தண்ணிய நின்னுக்கிட்டுத்தான் குடிக்கிறேன். ஒடம்பு நல்லா இருக்கிற மனுசி சும்மா உக்காந்திருப்பான்னா எவன் நம்புவான்? நாளையில இருந்து நீ மலைக்குப் போக வேணாம்.

— வேலைய விடச் சொன்னா விட்டுர்றேன். அந்த ரெண்டு மணி நேரத்த விட மாட்டேன். அது எனக்கு வேணும். அது இல்லாமப் போனா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்.

— அப்ப எவனோ இருக்கான்.

— நம்பலன்னா வந்து பாருங்க.

— வந்தேன்.

— எப்ப?

— செவ்வாக்கிழம. அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன்.

— யாரு வந்தா?

— யாரும் வரல.

— பெறகு என்னங்க?

— நான் இருக்கிறது தெரிஞ்சு வராம விட்டிருப்பான். சிரிக்காத, கலா. புதன்கிழமையும் வரல. வியாழக்கிழம ஒரு கொரங்கு ஒன் ரொட்டியத் தூக்கிட்டு ஓடிச்சு, நீ விழுந்து விழுந்து சிரிச்ச. என்னப் பார்த்து அப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு? வெள்ளிக்கிழம மரத்துல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டு இருந்த. நேத்து...

— நில்லுங்க. அஞ்சு நாளுமா வந்தீங்க?

— சந்தேகம் புடிச்சவன் வருவான்தான?

— ஹயர் போகலையா? போன்ல யாரும் கூப்புடலையா?

— போன ஓஃப் பண்ணி வச்சிட்டேன்.

— நீங்களா? குளிக்கப் போனாலும் அதக் கையில தூக்கிட்டுப் போற ஆளாச்சே!

— அடிச்சா ஒனக்குக் கேட்டிரும்ல?

— யாரும் வரலன்னு மொத நாளே தெரிஞ்சிருச்சு. ரெண்டாம் நாளும் தெரிஞ்சிருச்சு. அப்பறம் எதுக்குங்க வந்தீங்க? எங்க பார்க்குறீங்க? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. இன்னமும் என் மேல சந்தேகமா?

— இல்ல, கலா.

— பெறகு ஏன் காலையில இருந்து என்னப் போட்டு இந்த உலுக்கு உலுக்குறீங்க?

— நீ ஒரு ஆளோட பேரச் சொல்லிற மாட்டியான்னுதான். பொய்யாவது சொல்லு புள்ள. ஒன் மேல சந்தேகம் இல்லன்னா, நாளைக்கு நான் என்னத்தச் சொல்லிக்கிட்டு அங்க வந்து உக்கார்றது?