வாய்க்கால் கரைக்கு மானியம்

நீடாமங்கலத்தில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"புல்லு வளக்க கவர்மெண்ட் மானியம் குடுக்குதுக்கா," என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்தாள். "புல்லைப் புடுங்கத்தானே ஆள் தேடுறோம்!"

"வயலுக்குள்ள இல்லக்கா, வாய்க்கால் கரையில வெட்டிவேர் வைக்க. மழையில உரமும் மருந்தும் வாய்க்காலுக்குள்ள ஓடிவராம அது தடுக்குது. போன வருஷம் அந்தத் தண்ணியிலதான் என் வாத்தெல்லாம் செத்துச்சு."

"மேல வயல்காரரோட சண்டை போட்டியே, அதுவா?"

"அதேதான். வெறுத்துப்போயி திருப்பூருக்குக் கெளம்புறதா இருந்தேன். மானியம்னதும் அவரே கரை முழுக்க நட்டுட்டாரு."

"அப்ப போகலியா?"

"மறுபடி குஞ்சு வாங்கி விட்டிருக்கேன். தெனம் காலைல அவருதான் வந்து, 'குஞ்சுங்க நல்லாருக்கா?'ன்னு கேக்குறாரு."