பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

அதிகாலை மூன்று மணி. கடலோரச் சாலை. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை... அந்த நேரத்தில்தான் அங்கே கிரேன் நிறுத்த விடுவார்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. கூட இருந்த கிரேன்காரர் சொன்னது.

சித்தப்பா ஒரு சிற்பியின் பட்டறையில் வெல்டர். கரையோரப் பெஞ்சில் நாற்பது நாளைக்கு ஓர் இரும்பு மனிதனை உட்கார வைக்கும் வேலை சிற்பிக்கு வந்தது. சித்தப்பாவின் உடம்பிலேயே அச்செடுத்தார்கள். அதற்கு முன்னால் அவரை எடைகூடப் போட்டார்கள், எழுபத்திரண்டு கிலோ. சிலையில் தன் மூக்கைத் தானே பற்றவைத்த ஆள் அவர்! சிலைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டிருந்தது.

அங்கே போய் உட்கார்ந்தது யார் தெரியுமா? சித்தி. தினமும் சாயங்காலம், ஒரு மணி நேரம். அதன் தோளில் சாய்ந்துகொண்டு என்னென்னவோ பேசுவாளாம். வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. சித்தப்பா கேட்டே விட்டார்.

"அது காது கொடுத்துக் கேக்குது," என்றாள். "நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

அவருக்கு வயிறு எரிந்தது. வேறொருத்தன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். தன் மூஞ்சியையே வைத்துக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? ஏய், சிரிக்காதே... நீதான் இன்றைக்குத் தனியாக வீட்டுக்குப் போக வேண்டும்.

நாற்பது நாள் முடிந்தது. இவன் பழைய இரும்புக்குப் போய்த் தொலைந்தால் பெண்டாட்டி தன்னிடம் திரும்பிவிடுவாள் என்று, கழற்றும் வேலையைச் சித்தப்பா தானே கேட்டு வாங்கினார். போல்ட்டுகளை அறுத்தார். கிர்ர்ர்... தீய்ந்த இரும்பு வாசனை. கிரேன் சங்கிலி இறுகியது. சிலை மேலே எழும்பியது.

கிரேன்காரர் எடை காட்டும் திரையைப் பார்த்தார். "என்னங்க இது... வைக்கும்போது நூத்தித்தொண்ணூறு கிலோ. இப்ப நூத்திப்பதினெட்டுதான் காட்டுது."

எழுபத்திரண்டு குறைகிறது.

சித்தப்பா உடனே வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். கிரேன்காரர் மாடிப்படி அடியில் நின்றார், சித்தப்பா மேலே ஏறினார். மேலே தட்டும் சத்தம்... டொக், டொக். கதவு ஒரு சாண் திறந்தது. சித்தி. தூக்கக் கண்ணோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை.

"மெதுவா," என்றாள். "அவர் தூங்குறாரு. நீங்க பெஞ்சுக்கே போங்க. முடிஞ்சப்ப வந்து பேசுறேன்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அந்த மாடிக்கு ஒரே படிதான்... விடியும் வரை கிரேன்காரர் காத்திருந்தார். யாரும் இறங்கி வரவில்லை. ஏறிப் போய்ப் பார்த்தால், கதவுக்கு வெளியேயும் யாரும் இல்லை.

போன வாரம் என் நண்பன் அந்த வீட்டுக்குப் போயிருந்தான். சித்தப்பா நன்றாகத்தான் இருக்கிறாராம். சித்தி பேசப் பேச, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்கிறார். சித்தி இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு குறைதான் சொன்னாளாம்... தலையணை உறையில் படிகிற துருக்கறை, எவ்வளவு துவைத்தாலும் போக மாட்டேன் என்கிறதாம்.