பாதி பிரெஞ்சு

தளியிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு நர்ஸ் பெண். மதியம் பெங்களூரில் அவளுக்கு ஜெர்மன் பேச்சுத் தேர்வு. பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் அவள் அக்கா.

"நான் மனப்பாடம் பண்ணதுல பாதி பிரெஞ்சாம்க்கா."

"என்னடி சொல்ற?"

"ஜெர்மன் பழகன்னு ஒரு ஆல்பம் கேட்டேன்ல, எல்லாம் தண்ணியப் பத்தின பாட்டு. ரெண்டு மொழியிலயும் மாத்தி மாத்திப் பாடியிருக்காங்க. நேத்துதான் ஜெர்மன் கிளாஸ் மிஸ் சொன்னாங்க."

"மூணு மாசமா சந்தேகமே வரலியா?"

"நாம கன்னடம், தெலுங்குன்னு கலந்து பேசறதில்லியா? அப்படித்தான்னு நெனச்சேன்."

"எது எதுன்னாச்சும் தெரியுமா?"

"ஆத்துப் பாட்டெல்லாம் ஜெர்மன். கடல் பாட்டு பிரெஞ்சு."

"அப்ப ஆத்தோடயே நில்லு. கடல் வந்தா வாய மூடிக்க."

அவள் சிரித்துவிட்டு இயர்போனை மாட்டினாள். மத்திகிரி தாண்டியதும் அதைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

"அக்கா, மழைப் பாட்டு ஒண்ணு இருக்குது. அது எது?"